பே வேறு, பேய் வேறு: ஒரு பழைய நாவலுக்குப் புதுப் பக்கம்

அட்டையின் முதல் மாதிரியைப் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்திருந்தேன். வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தாளை எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, பேய்க் கதையோ?" என்றார்.

தாளில் இரண்டே வரிகள். மேலே பெரிதாக 'அசன்'. அதற்குக் கீழே அதே அளவில் 'பேயுடைய கதை'. ஒரு கிழமையாக அந்த எழுத்துகளின் வளைவையும் இடைவெளியையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வரியை எங்கே உடைத்தேன் என்பது மட்டும் கண்ணில் படவே இல்லை. மாமிக்கு அரை நொடியில் பட்டுவிட்டது.

'அசன்பேயுடைய கதை' 1885-ல் வெளிவந்தது. 'அசன்பே சரித்திரம்' என்றும் இதைக் குறிப்பிடுவார்கள். இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுவது இதுதான். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் அச்சானது 1879-ல்; அதிலிருந்து ஆறே வருடம். எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெவ்வை மரைக்கார். 1882-ல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும், மருதானை ஸாஹிராக் கல்லூரி உருவாகக் காரணமானவர்களுள் ஒருவரும் அவர்தான். கதை எகிப்தில் தொடங்குகிறது. குழந்தையாகக் கடத்தப்பட்டு பம்பாய்க்கு வந்து சேரும் அசன், கல்கத்தா வரை போய், கடைசியில் பிறந்த மண்ணுக்குத் திரும்புகிறான். 'பே' என்பது அவனுக்குக் கிடைக்கும் பட்டம். துருக்கிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் வழங்கிய மரியாதைப் பெயர் அது.

1885-ல் கொழும்பில் அந்தப் பட்டத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா, சகாக்களோடு நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கியது 1883 ஜனவரியில். சித்திலெவ்வை அவருடைய நண்பர். பாஷா, பே என்பதெல்லாம் அன்றைக்கு இங்கே நாளாந்தச் செய்தி. இன்றைக்கு 'பே' என்றால் நமக்கு ஒன்றுமில்லை. அதோடு 'உடைய' சேர்ந்தால் பேய்தான் வருகிறது. ஏகாரத்தின் பின் உயிர் வந்தால் இரண்டையும் ஒட்டவைக்கும் உடம்படுமெய்யாக யகரமும் வரலாம், வகரமும் வரலாம் என்பது நன்னூல் விதி. அப்படிப் பார்த்தால் 'பேவுடைய கதை' என்று எழுதியிருந்தாலும் இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் 140 வருடத்துக்கு முந்திய ஆசிரியர் யகரத்தைத் தேர்ந்திருக்கிறார். அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. வரியை எங்கே உடைப்பது என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது.

பழைய நாவல் ஒன்றுக்குப் புது வடிவம் கொடுப்பது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த அட்டையைத்தான் காட்டுகிறேன். சொல் ஒன்றுகூட மாறவில்லை. ஆனாலும் பொருள் தலைகீழாகிவிட்டது.

இலக்கணம் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. பொதுமொழிக்கு உதாரணமாகப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருவார்கள்: பலகை என்றால் பலகை, பிரித்தால் பல கை. தாமரை என்றால் பூ, பிரித்தால் தாவுகிற மரை, அதாவது மான். ஓலைச்சுவடியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது, ஓலை கிழிந்துவிடும் என்பதால். எகர ஏகார வேறுபாட்டைக் கொம்பிலேயே தெளிவாகக் காட்டும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றத்துக்குப் பிறகு வந்தது. ஆக, சுவடியைப் பார்த்து முதலில் அச்சிட்டவர்கள் வெறுமனே படி எடுக்கவில்லை. வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த ஆறுமுக நாவலரும், 1887-ல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஒவ்வொரு வரியிலும் எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போனார்கள். மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் கோத்ததும் அதே வகைத் தீர்ப்புத்தான். எது யாருடைய குரல் என்பதை அளவே சொல்லிவிடும்.

அதனால் புத்தக வடிவமைப்பாளரை நான் உரையாசிரியர் வரிசையில் வைக்கிறேன். பரிமேலழகர் குறளில் ஒரு சீரை மாற்றவில்லை, ஆனாலும் நாம் படிப்பது பெரும்பாலும் பரிமேலழகர் காட்டிய குறளைத்தான். எழுத்துருவும் ஓரமும் வரி முறிவும் உரைதான். எழுதாத உரை.

இதற்கு எதிரான கட்சி ஒன்று உண்டு, பலமான கட்சியும்கூட. 1930-ல் லண்டனில் பியாட்ரிஸ் வார்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி அச்சுக்கலைஞர்கள் முன் பேசிய பேச்சு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. நல்ல மதுவைச் சுவைக்கத் தெரிந்தவர் தங்கக் கிண்ணத்தை விட்டுவிட்டுத் தெளிந்த கண்ணாடிக் கிண்ணத்தைத்தான் எடுப்பார். அச்சும் அப்படி, உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டுத் தான் மறைந்துவிட வேண்டும் என்பது அவருடைய வாதம். கொழும்புத் தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீயைக் கண்ணாடிக் கிளாஸில் கொடுப்பதும் அதே நியாயம்தான். சாயத்தின் நிறத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பலாம். பத்தில் ஒன்பது புத்தகத்துக்கு வார்ட் சொன்னதுதான் சரி. நான் பிழைப்புக்காகச் செய்யும் பாடநூல்களிலும் நினைவு மலர்களிலும் எழுத்து கண்ணுக்குத் தெரிந்தால் அது என் தோல்வி.

மிஞ்சிய அந்த ஒன்றில்தான் வேடிக்கை. லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759-க்கும் 1767-க்கும் இடையில் ஒன்பது பாகங்களாக வெளியிட்ட ட்ரிஸ்ட்ரம் ஷேண்டியில், ஒரு பாதிரியார் இறந்ததும் பக்கம் முழுக்கக் கறுப்பு. மூன்றாம் பாகத்தில் பளிங்குக் கோலம் போட்ட ஒரு தாள். அன்றைக்கு அதைக் கையால் செய்ததால் ஒரு பிரதியில் இருக்கும் கோலம் இன்னொன்றில் இராது. ஆறாம் பாகத்தில் வெறும் வெள்ளைப் பக்கம்: வாட்மன் என்ற விதவையை நீயே வரைந்துகொள் என்று வாசகரிடம் விட்டுவிடுகிறார். இந்த நாவலை 2010-ல் லண்டனில் ஒரு பதிப்பகம் மறுபடி வடிவமைத்தபோது, கதவு சாத்தப்படும் இடத்தில் தாளையே மடித்து வைத்தார்கள். 1929-ல் வந்த ஃபாக்னரின் நாவல் ஒன்றில் காலம் முன்னும் பின்னுமாகத் தாவும். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிற மை வேண்டும் என்று ஃபாக்னர் ஆசைப்பட்டார், அச்சுத்தொழில் இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை என்று சாய்வெழுத்தோடு சமாதானமானார். 2012-ல் ஃபோலியோ சொசைட்டி என்ற பதிப்பகம் அதைப் 14 நிறங்களில் 1,480 பிரதிகள் அடித்தது. பிரான்சில் மாசின் என்ற வடிவமைப்பாளர் 1964-ல் அயனெஸ்கோவின் நாடகம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் எழுத்துரு கொடுத்து, சண்டை முற்றும்போது எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று மோதவிட்டார்.

இவற்றையெல்லாம் இணையத்தில் படமாகப் பார்த்துவிட்டு நம்மவர்கள் முதலில் செய்வது எழுத்தை ஆடவிடுவது. 'மழை' என்று எழுதிச் சொட்டுச் சொட்டாக வடியவிடுவது, 'விழுந்தான்' என்பதைப் படிக்கட்டாக இறக்குவது. நானும் செய்திருக்கிறேன். சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் படத்தை மறுபடி வரைவதால் வாசகருக்கு ஒரு லாபமும் இல்லை. ஸ்டெர்னின் கறுப்புப் பக்கம் பலிப்பதற்குக் காரணம், அந்த இடத்தில் கதைசொல்லிக்கு வார்த்தை இல்லை.

வடிவத்தில் பொருள் வைப்பது நமக்கு வெளியிலிருந்து வந்த வித்தையும் இல்லை. தண்டியலங்காரம் சித்திரகவிகளுக்கென்று தனி இடம் ஒதுக்குகிறது. நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக்கிடக்கும், இரண்டு செய்யுள்கள் அந்த உடல்கள் வழியே ஓடும், பாம்பும் பாம்பும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிற எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொது. அதைக் கட்ட ஒரு புலவர் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால், நம் மென்பொருள் சித்து வேலை வெட்கப்படும். சம்பந்தரின் திருவெழுகூற்றிருக்கையில் ஒன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள் ஏறி இறங்கித் தேர்த்தட்டுப் போல அடுக்கப்படும். அவருடைய மாலைமாற்றுப் பதிகத்தை முன்னிருந்தும் படிக்கலாம், பின்னிருந்தும் படிக்கலாம். இவையெல்லாம் எழுத்தை ஓர் அலகாக எண்ணிக் கட்டியவை. 'கொ' என்பது அந்தப் புலவர்களுக்கு ஓர் எழுத்து.

கணனிக்கு அது அப்படி இல்லை என்பதில்தான் எங்கள் தொல்லை தொடங்குகிறது.

'கொழும்பு' என்ற சொல்லை அட்டையில் அகலமாகப் பரப்பி வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்திடைவெளியைக் கூட்டினால், தமிழ் தெரியாத மென்பொருள் கொம்பை ஒரு பக்கம் தள்ளும், காலை மறுபக்கம் தள்ளும், நடுவில் ககரம் தாய்தகப்பன் இல்லாத பிள்ளை மாதிரி நிற்கும். அத்தியாயத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி மூன்று வரி உயரத்துக்கு இறக்கும் வழக்கத்திலும் இதே வில்லங்கம்தான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைப் பிடித்துப் பெரிதாக்கினால் காரியம் முடிந்தது. நமக்கு 'கௌ' வந்தால், 'போ' வந்தால் மூன்று துண்டையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். கண்ணுக்கு ஓர் எழுத்து, அகலத்தில் மூன்று எழுத்து. ஒரு அத்தியாயம் 'அ'வில் தொடங்கி அடுத்தது 'கொ'வில் தொடங்கினால் இரண்டு பக்கமும் ஒரே புத்தகத்தின் பக்கங்களாகத் தெரியாது. பெரிய முதலெழுத்தை நான் விட்டே விட்டேன்.

ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டர் கொம்பு, ககரம், கால் என்று மூன்று அச்சையும் பெட்டியிலிருந்து வரிசையாகப் பொறுக்கிக் கோப்பார். பிறகு கணனி வந்தபோது இலங்கையில் எங்கும் பரவிய பாமினி எழுத்துருவும் அதே வரிசையைத்தான் பின்பற்றியது: கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் முதலில் கொம்பு, அப்புறம் ககரம், அப்புறம் கால். யூனிகோடில் முதலில் ககரம், அதற்குப் பிறகே ஒகரக் குறி. பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் பக்கம் செய்தவர்களுக்குத் தெரியும், கொம்பு எங்கெல்லாம் வழிதவறிப் போய் உட்காரும் என்று. ஔகாரக் குறியும் ளகரமும் உருவத்தில் ஒன்று என்பதால் அங்கே ஒரு தனிக் கூத்து நடக்கும்.

அப்புறம், தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. சாய்வெழுத்தும் நம் மரபில் இல்லை. மென்பொருளில் சாய்த்தால் அது காற்றில் சாய்ந்த மின்கம்பம் மாதிரி நிற்கும். ஆங்கில நாவலில் மனதுக்குள் பேசுவது, கடிதம், பிறமொழிச் சொல், கப்பலின் பெயர் எல்லாவற்றையும் சாய்வெழுத்தில் போட்டுவிடலாம். நமக்குக் கையில் இருப்பது தடிப்பு, அளவு, இடைவெளி, ஓரம், வேறொரு எழுத்துரு, அவ்வளவுதான். சொற்களும் நீளம். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒன்று வந்தால், இரண்டு பக்கமும் நேராக வெட்டிய வரியில் மிச்ச சொற்கள் ஆளுக்கொரு மூலையில் போய் நிற்கும். வலப்பக்கத்தை ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டால் இந்தப் பிரச்சினை பாதி தீரும். ஆனால் இங்கே எந்தப் பதிப்பாளரிடம் காட்டினாலும், வேலை இன்னும் முடியவில்லையா என்பார்.

அசன்பேக்கு எந்த எழுத்துரு? இப்போது தெரிவு இல்லாமல் இல்லை. இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனமும் கவிவனாரும் இலவசமாகவே கிடைக்கின்றன. கொழும்பிலிருந்து இயங்கும் மூனியாக் குழு, சுவரில் அச்சுத்தகடு வைத்துத் தெளிக்கும் 'விளம்பரம் ஒட்டாதீர்' எழுத்துகளின் பாணியில் சிங்களத்துக்குக் கொழும்பின் பெயரிலும் தமிழுக்கு யாழ்ப்பாணத்தின் பெயரிலும் எழுத்துருக்கள் செய்திருக்கிறது. அட்டைக்கு இரண்டு நாள் அதையும் போட்டுப் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் சுவர் எழுத்தின் முரட்டுத்தனத்துக்கும் 1885-ன் மரியாதையான நடைக்கும் ஒத்துவரவில்லை.

அதைவிடச் சிக்கலான கேள்வி பழைய வரிவடிவங்கள். பெரியார் 1935-ல் குடிஅரசில் கையாளத் தொடங்கி, 1978-ல் தமிழ்நாட்டு அரசு ஆணையாக்கிய சீர்திருத்தத்தில் 13 எழுத்துகள் உருமாறின: ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், பிறகு ணை, லை, ளை, னை. அந்த ஆணை நமக்கானது இல்லை. இங்கே பழைய வடிவங்கள் ஆற அமரத்தான் விடைபெற்றன. 'லை'யின் தலைக்கு மேலே துதிக்கை போல ஒரு சுழி வளைந்து நிற்பதை என் அம்மா இன்றைக்கும் கையெழுத்தில் போடுவார். யூனிகோடில் அந்த எழுத்துக்குள்ள குறியீடு பழைய வடிவத்துக்கும் புது வடிவத்துக்கும் ஒன்றுதான், உருவம் எழுத்துருவின் பொறுப்பு. ஆக, எழுத்துருவுக்குள் பழைய வடிவத்தையும் வைத்துவிட்டால் புத்தகம் முழுவதையும் ஒரு சொடுக்கில் 1885-ன் முகத்துக்குத் திருப்பலாம்.

திருப்பிப் பார்த்தேன். இருபது பக்கம். அழகாக இருந்தது, படிக்க முடியவில்லை. எனக்கே ஒவ்வொரு 'னா'விலும் கால் தடுக்கியது. பழைய வடிவம் 1885-ன் வாசகருக்குச் சாதாரண எழுத்து, என் வாசகருக்கோ அரும்பொருட்காட்சியகப் பொருள். அன்றைய வாசகர் உணராத பழமையை இன்றைய வாசகர் மேல் ஏற்றுவது தப்பான உரை என்று தோன்றியது. அத்தியாயத் தலைப்புகளில் மட்டும் வைத்துக்கொண்டேன். அத்தியாய எண்களைத் தமிழ் இலக்கத்தில் போடவும் ஆசைதான். ஆனால் ௧ என்றால் ககரமாகவும் ௮ என்றால் அகரமாகவும் படித்துவிடுகிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் ௨ என்று போட்டதை ஒரு நண்பர் பிள்ளையார் சுழி என்று நினைத்து, இங்கே எதற்கு என்று கேட்டார். விட்டேன்.

உள்பக்கத்துக்கு என்னிடம் இரண்டு யோசனைகள் இருந்தன. இரண்டுக்கும் கூடுதல் மை வேண்டாம், அது முக்கியம். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. பெரும்பாலும் எழுத்தாளர் தன் கைக்காசில் சில நூறு பிரதிகள் அடித்து, வெளியீட்டு விழாவில் கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறார். பதினான்கு நிறம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு நிறம் கூடினால் ஒரு பிளேட் கூடும். பிரதிகள் குறைவென்றால் அந்தச் செலவு ஒவ்வொரு பிரதியின் தலையிலும் பாரமாக விழும்.

முதல் யோசனை பக்கத் தலைப்பு. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் புத்தகத்தின் பெயரைப் போடுவது வழக்கம். அதற்குப் பதிலாகக் கதாநாயகனின் பெயரைப் போட்டேன். பட்டம் கிடைக்கும் வரை ஒவ்வொரு பக்கத்திலும் 'அசன்'. கிடைத்த பக்கத்திலிருந்து 'அசன்பே'. யாரும் கவனிக்காமல் போகலாம். கவனிப்பவருக்கு 'பே' என்றால் என்ன என்பதை அடிக்குறிப்பு இல்லாமலே பக்கம் சொல்லிவிடும்.

இரண்டாவது யோசனைமேல் எனக்குக் கர்வம் இருந்தது. கெய்ரோ மேற்கே, கல்கத்தா கிழக்கே. கதை கெய்ரோவில் நடக்கும்போது எழுத்துப் பத்தி தாளின் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். அசன் பம்பாய்க்கு வரும்போது பத்தி நடுவுக்கு வரும், கல்கத்தாவில் வலது ஓரம், திரும்பிப் போகும்போது மறுபடி இடம். தாளே வரைபடம் ஆகிவிடும். வெள்ளை ஓரம் எப்படியும் தாளில் இருக்கத்தான் போகிறது, அதை இடம் மாற்றுவதற்குச் செலவில்லை.

மாதிரியைத் தூக்கிக்கொண்டு மருதானைப் பக்கம் எனக்குப் பழக்கமான ஓர் அச்சகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற நானா ஈய எழுத்திலிருந்து ஆப்செட் வரை எல்லாம் பார்த்தவர். தாள்களைப் புரட்டினார். கல்கத்தா அத்தியாயத்தில் இடப்பக்கத் தாளை எடுத்து, வலது ஓரத்தைக் கட்டைவிரலால் மடித்துக் காட்டினார்.

"தம்பி, இது கம் பைண்டிங். இந்தப் பக்கத்தில வலது கைப் பக்கம் போனா எழுத்து முதுகுக்குள்ள போயிரும். வாசிக்கிறவர் புத்தகத்தை உடைச்சுத்தான் பார்க்கணும்."

"நூல் தையல் போட்டா, நானா?"

"போடலாம். விலையைச் சொன்னா நீங்க போட மாட்டீங்க."

இத்தனை வருடம் பக்கம் செய்தும், விரித்த புத்தகத்தில் வலது ஓரம் என்பது ஒரு பக்கத்துக்கு வெளியோரம், எதிர்ப்பக்கத்துக்கு உள்மடிப்பு என்பது திரையில் தனித்தனிப் பக்கமாகப் பார்க்கும்போது மறந்துபோகிறது. கடைசியில் பத்தி நகரும் தூரத்தை ஆறு மில்லிமீற்றருக்குக் குறைத்தேன். இப்போது அது வரைபடம் என்று சொல்ல முடியாது, ஒரு சிறு தள்ளாட்டம். புத்தகத்தை வேகமாக விசிறிப் பார்த்தால் கறுப்புக் கட்டம் இடமிருந்து வலம் போய்த் திரும்புவது தெரியும். கப்பலில் போவது போல என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நானா ஒன்றும் சொல்லவில்லை.

கறுப்புப் பக்கம் ஒன்று வைக்கலாமா என்றும் சும்மா கேட்டேன். "முழுக் கறுப்பு இலேசில காயாது, அடுக்கி வைச்சா எதிர்ப்பக்கத்தில ஒட்டும்" என்றார். அது நல்ல காரணம். அதைவிட நல்ல காரணம், இந்த நாவலில் அப்படி ஒரு பக்கத்தைக் கேட்கும் இடம் எதுவும் இல்லை. ஸ்டெர்ன் செய்தார் என்பதற்காக நாமும் வைத்தால் அது இரவல் நகை.

இரவல் நகையில் மோசமானது இன்னொன்று உண்டு. அரபு நாட்டுக் கதை என்றதும் அட்டையில் பிறை, மினாரா, ஒட்டகம், எழுத்தை அரபு மாதிரி வளைத்து நெளித்து ஒரு ஜாலம். தமிழை அரபு எழுத்திலேயே எழுதி அச்சிட்ட அரபுத் தமிழ் மரபு நம்மிடம் இருக்கும்போது இந்தப் பாவனை எதற்கு? அரபுத் தமிழில் தலைப்பை ஒருவரிடம் எழுதி வாங்கிப் பின்னட்டையில் சிறிதாக வைக்க நினைத்தேன். பிறகு, சித்திலெவ்வை இந்த நாவலைத் தமிழ் எழுத்தில்தான் அச்சிட்டார் என்பது நினைவுக்கு வந்தது. அவர் யாரை வாசகராக மனதில் வைத்தார் என்பதற்கு அந்தத் தெரிவே சாட்சி. எடுத்துவிட்டேன்.

மிஞ்சியது அட்டை. 'அசன்பேயுடைய' என்பதை ஒரே வரியில் போட்டால் எழுத்து சிறுத்து, கடைத் தட்டில் இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. 'அசன் பே' என்று இடைவெளி விட்டால் அடுத்த சொல் அந்தரத்தில் நிற்கும். இரண்டு கிழமை இதிலேயே போயிற்று. ஒரு நாள் எண்ணிம நூலகத்தில் 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்புப் பக்கங்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் இல்லாவிட்டால் இந்தப் பக்கங்களைப் பார்ப்பதற்கே ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். அந்த முகப்புகளில் ஒரு பழக்கம். நீளமான சொல் வரிக்குள் அடங்காவிட்டால் எந்த எழுத்தில் இடம் முடிகிறதோ அங்கேயே உடைத்து, சிறுகோடு எதுவும் போடாமல், மிச்சத்தை அடுத்த வரியில் வேறு அளவில் தொடர்வார்கள். சொல்லின் தலை பெரிய எழுத்தில், வால் சின்ன எழுத்தில். படிக்கிற காலத்தில் இதைக் காட்டித்தான் எங்களுக்குக் கூடாது என்று சொல்லித் தந்தார்கள்.

அதே மாதிரி உடைத்தேன். மேல் வரியில் தடித்த பெரிய எழுத்தில் 'அசன்பே'. அடுத்த வரியில் அதில் மூன்றிலொரு அளவில் 'யுடைய கதை'. பதம் பிரிக்கத் தெரிந்த எவரும் 'யுடைய' என்று ஒரு சொல் தொடங்காது என்பார்கள். தொடங்காது என்பதாலேயே கண் மேல் வரிக்குத் திரும்பிப் போய் 'பே'யோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பேய்க்கு அங்கே இடமில்லை.

தாளை எடுத்துப் போய்ச் சமையலறையில் மாமியிடம் நீட்டினேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"அசன்பே... யுடைய கதை." தாளைத் திருப்பித் தந்தார். "ஆர் தம்பி இந்த அசன்பே?"